மூன்று மூட்டைக் காய்

ஏப்ரல் கடைசியிலேயே மூன்று மூட்டை ஏலக்காயை வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளறையில் அடுக்கிவிட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன்தான் தன் ஜீப்பில் ஏற்றிவந்து இறக்கிக் கொடுத்தார். இறக்கி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா, பிள்ள வருதுன்னு சொன்ன. காய்தான வந்திருக்கு" என்றார்.

"காய் முன்னால வந்தாத்தாண்ணே பிள்ள வரும்போது நான் வீட்ல இருக்க முடியும்" என்றேன்.

அவருக்கு அது பிடிபடவில்லை. அவர் சம்சாரத்துக்கு, எங்கள் மதினிக்கு, உடனே பிடிபட்டுவிட்டது. "ஓகோ, லீவு போடாத லீவா?" என்றாள். மதினி எதையும் இப்படித்தான் நாலு வார்த்தையில் முடித்துக் கையில் கொடுத்துவிடுவாள். நான் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அவள் வாயிலிருந்து பொறுக்கியது அதிகம்.

பொறுக்குவதுதான் எனக்குச் சோலி. போடியில் ஒரு குடோனில் இருபத்திரண்டு வருஷமாக ஏலக்காய் பொறுக்குகிறேன். மலையில் உலர்த்தி மூட்டையாக இறங்கும் காயைச் சுளகில் பரப்பி, வெடித்ததை ஒரு பக்கம், வெளுத்ததை ஒரு பக்கம், நல்ல பச்சையை ஒரு பக்கம் என்று ஒதுக்க வேண்டும். வால் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் காம்பை நகத்தால் கிள்ள வேண்டும். காலையில் ஒன்பதுக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறுக்கு எழலாம். கோடையில் மலையில் காயெடுப்பு இருக்காது. அப்போது குடோனிலும் வேலை கொஞ்சம் தணியும். ரொம்ப நாள் ஆட்களுக்கு மட்டும் மூட்டையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை. ஒற்றை ஆளாக இருக்கிற வீட்டில் உட்கார்ந்து ஒற்றையாகக் காய் பொறுக்க எனக்கென்ன கிறுக்கா? குடோனில் பதினைந்து பொம்பளைகளும் பதினைந்து வாயும் இருக்கும்.

இந்த வருஷம் கேட்டேன். மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க வீட்ல இருந்தா லாக்கர்ல இருந்த மாதிரிக்கா. எடுத்துட்டுப் போங்க" என்றார். அன்றைக்கு என் பக்கத்தில் ராசிங்காபுரத்துப் பொம்பளை ஒருத்தி புதிதாகச் சேர்ந்து உட்கார்ந்திருந்தாள். காட்டு வேலை பார்த்துப் பழகியவள், என் வயசுதான். சேர்ந்ததிலிருந்து விடாமல் தும்மிக்கொண்டிருந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டே, "இந்தத் தும்மல் நிக்க எத்தன நாளாகும்க்கா?" என்று கேட்டாள்.

"ஒரு மாசம். அதுக்கப்புறம் மூக்கு செத்துப் போகும்" என்றேன். எல்லோரும் சிரித்தோம். சிரிப்புக்குச் சொன்னதுதான்.

வருகிறவள் என் தங்கச்சி மகள். தங்கச்சியைச் சென்னையில் கட்டிக்கொடுத்து இருபது வருஷமாகிறது. எங்கள் அம்மா இருந்தவரை மே மாதம் பிறந்தால் தாயும் மகளும் வந்துவிடுவார்கள். அம்மா போனபிறகு வருகை ஒரு மாதத்திலிருந்து ஒரு வாரமாகி, பிறகு பொங்கலுக்கு இரண்டு நாள் என்றாகி, போன வருஷம் அதுவும் இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு வருஷத்தில் அந்தப் பேச்சு வந்து வந்து நின்றுபோனது. கதை அவ்வளவுதான். தெருவில் எல்லோருக்கும் நான் அக்கா. ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது எனக்குக் கைவந்துவிட்டது. டிவியோடு பேசுவேன், கேஸ் அடுப்போடு பேசுவேன். மதினி ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அடுப்பு ஏதாச்சும் பதில் சொன்னா எனக்கும் சொல்லு" என்று சத்தம் கொடுத்தாள்.

இந்த வருஷம் பிள்ளை பிளஸ் டூ எழுதிவிட்டு இருந்தது. தங்கச்சி போனில், "மாசம் முழுக்க அங்கயே இருக்கட்டும்க்கா. இங்க இருந்தா போனும் கையுமா கெடக்கு. ஒனக்கும் பேச்சுத் துணை" என்றாள். மாசம் முழுக்க. முப்பத்தியொரு நாள். வைத்த போனைத் திரும்ப எடுத்து அது ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பார்த்தேன். சந்தோஷத்தை அவள் கேட்டுவிடக் கூடாதே.

காயை வீட்டுக்குக் கொண்டுவந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இவளுக்கு ஆறு வயசு இருக்கும்போது ஒரு மே மாதம், நான் வேலைக்குக் கிளம்பினால் ஒற்றைச் செருப்பைக் காணோம். வீடெல்லாம் தேடினேன். இவள் வாசலில் நின்று, "செருப்பு இல்லேல்ல? இனிமே எப்பிடிப் போவ?" என்றாள். அரிசி டிரம்முக்குள் போட்டு மூடியிருக்கிறாள் என்பது மூன்றாம் நாள் அரிசி எடுக்கும்போதுதான் தெரிந்தது. அன்றைக்கு நேரமாகிவிட்டது. வெறும் காலோடு போனேன். தார் ரோடு கொதித்தது. சாயங்காலம் வந்ததும் அம்மா சொன்னாள், நான் வெறும் காலோடு தெருமுனை திரும்புகிறவரை ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு இவள் மதியம் வரை அழுதாளாம். ராத்திரி சாப்பிடும்போது என் தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் லீவுக்கு வந்தா ஒனக்கு மட்டும் லீவே இல்ல. நீ எப்பப் பாத்தாலும் இல்ல" என்றாள். ஆறு வயசுப் பிள்ளை சொன்னது. பதினோரு வருஷமாக அது எனக்குள் உட்கார்ந்திருந்தது. இந்தத் தடவை நான் இருக்கப் போகிறேன் என்று முடிவு பண்ணினேன்.

சென்னை ரயில் காலையில் வந்து நின்றது. இறங்கியவளை எனக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. என்னைவிட ஒரு சாண் உயரம். காதில் வெள்ளையாக ஏதோ மாட்டியிருந்தாள். அதைக் கழற்றி, "நல்லாருக்கீங்களா பெரியம்மா?" என்றாள். 'நீ' என்று கூப்பிட்ட பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் யாரோ ஒரு டீச்சரைக் கேட்ட மாதிரி இருந்தது.

வீட்டுப் படியேறி உள்ளே ஒரு கால் வைத்தவள் அப்படியே நின்றாள். கண்ணை மூடித் திறந்தாள். பழைய ஞாபகம் வருகிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, பின்னால் அடுப்படி. முன்னறையில் துணி விரித்துக் காயைக் கொட்டிப் பொறுக்குவேன். உள்ளறையில் மூட்டை. அதே அறையில்தான் அவளுக்குக் கட்டில். ஜன்னலைத் திறக்க முடியாது. வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளுத்துப்போகும், மலையில் கோடை மழை இறங்கி ஈரக்காற்று வந்தால் தொய்ந்துபோகும். பொறுக்கும்போது ஃபேன் போட்டால் தூசும் தொலியும் பறக்கும். இதையெல்லாம் அவளிடம் விளக்கினேன். "பரவால்ல பெரியம்மா" என்றாள். எதற்கெடுத்தாலும் பரவால்ல. வந்த அன்றைக்கு நான் கை வேலையை நிறுத்தாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசினேன். யார் வீட்டுப் பிள்ளை எங்கே போனது, எந்தத் தோட்டத்தில் யார் விழுந்தார்கள், மதினி யாரை என்ன சொன்னாள், எல்லாம். எதிரில் ஒரு முகம் இருந்தால் பேச்சுக்கு ருசியே வேறு. அவள் தலையாட்டிக்கொண்டே முட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மறுநாள் தலைவலி என்றாள். ரயில் அலுப்பு என்றேன். அதற்கடுத்த நாளும் தலைவலி. சோறு இறங்கவில்லை. கொஞ்ச கொஞ்சமாக வீட்டுக்கு வெளியே போக ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு ஜீப்பு நிற்கிற வேப்பமரத்தடியில் ஒரு பிளாஸ்டிக் சேர் கிடக்கும். காலையில் அதில் போய் உட்கார்ந்தால் வெயில் வந்து விரட்டுகிறவரை அங்கேதான். வெயில் வந்தால் மதினி வீட்டுக்குள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் வரும். நான் இங்கே மூன்று பக்கம் காயோடு உட்கார்ந்து அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆசையாகக் கூப்பிட்டால் வருவாள், பத்து நிமிஷம் உட்காருவாள், "போன் வந்துச்சு பெரியம்மா, டவர் கிடைக்கல" என்று எழுந்து போவாள்.

இலவம் காய் வெடிக்கும் காலம் அது. ஊரெல்லாம் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. மதினி வைத்தியம் ஆரம்பித்துவிட்டாள். "பஞ்சு மூக்குக்குள்ள போயிருக்கும். மெட்ராசுப் பிள்ளைகளுக்கு ஆகாது" என்றாள். மறுநாள் வைத்தியத்தை மாற்றி, "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். தெருவே இருமியது, பிள்ளை மட்டும் இருமவில்லை. "கொஞ்சம் நல்லாருக்கு அத்தை" என்றாள். மதினிக்கு ஒரே பெருமை. இப்போது நினைத்தால்தான் தெரிகிறது, மிளகாய்ப் புகை அவளுக்கு ஒரு மாற்றமாக இருந்திருக்கிறது.

ரிசல்ட் வந்த அன்றைக்குப் பாயாசம் வைத்தேன். நல்ல மார்க்கு. சேமியா, முந்திரி எல்லாம் போட்டு, கடைசியில் ஏலக்காய் நுணுக்கிப் போட்டேன். போட்டுவிட்டு முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் நாலு நுணுக்கிப் போட்டேன். மறுபடி முகர்ந்தேன். இன்னும் கொஞ்சம். பிள்ளை இரண்டு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, "அப்புறம் குடிக்கிறேன் பெரியம்மா" என்றாள். மதினி ஒரு மடக்கு குடித்தாள், நிறுத்தினாள், டம்ளருக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பாயாசத்துல ஏலக்காய் போட்டியா, ஏலக்காய்ல பாயாசம் ஊத்துனியாடி?"

"ஏன், தூக்கலா இருக்கா?"

"தூக்கலா? எங்க வீட்டுக்காரர் ஜீப்புல ஏத்தற லோடு இதவிடக் கம்மி."

எல்லோரும் சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். மீதியை நான்தான் இரண்டு நாள் வைத்துக் குடித்தேன். எனக்கு இனிப்பு மட்டும்தான் தெரிந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் கொடியில் துணி எடுக்கப் போனேன். வேப்பமரத்தடியில் அவள் தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஒளிந்து கேட்கவில்லை, கையில் துணியோடு நின்றேன், காதில் விழுந்தது. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் குரங்கணி போறாங்களாம். அதுக்கு மட்டும் இருந்துட்டு செவ்வாக்கிழமை டிரெயினுக்கு வந்துர்றேன்மா. டிக்கெட் போட்டுரு. பெரியம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இல்லம்மா, ஒண்ணும் இல்ல. அவங்க நல்லாத்தான் பாத்துக்கிறாங்க."

வந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. நான் துணியை மடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டேன். ராத்திரி சாப்பாட்டில் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லாத்தான் பாத்துக்கிறாங்க. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவள் நர்சைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. என் பேச்சு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த மூன்று நாள் பேச்சைக் குறைத்தேன். வாயை மூடிக்கொண்டு காய் பொறுக்கினேன். கை நகர்கிற சத்தம் மட்டும் சுளகில் கேட்டது. என்னால் மூன்று நாள் பேசாமல் இருக்க முடியும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

குரங்கணி போவது எங்கள் தெருவில் நாலு வீட்டுக்கு வழக்கம். அண்ணன் ஜீப்பு வாரம் பூராவும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போடிமெட்டு ஏறி இறங்கும். மே மாதத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எங்களுக்கு. நாலு வீட்டுச் சோறும் நாலு விதமாக வரும். புளிச்சோறு எங்கள் வீடு, எலுமிச்சை மதினி வீடு, தயிர்ச்சோறும் மாங்காயும் மற்றவர்கள். ஜீப்பில் யார் யார் எங்கே உட்காருவது என்பதுகூட வருஷக்கணக்காகப் படிந்துபோனது. பின்கதவுக்குப் பக்கத்தில் நான். என் எதிரில், ஸ்டெப்னி டயர்மேல், பிள்ளை. அவள் வராத வருஷங்களில் அந்த டயர்மேல் சோத்து வாளியை வைத்தோம். இந்தத் தடவை அண்ணன் வாளியைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு, "ஏறுத்தா. ஒன் சீட்டு காலியாத்தான் கெடக்கு" என்றார். அவள் உயரத்துக்கு முட்டி மோதியது. இருந்தாலும் அங்கேயேதான் உட்கார்ந்தாள்.

ஊரைத் தாண்டி மாந்தோப்பெல்லாம் பின்னால் போய், மலை முன்னால் நெருங்க நெருங்க அவள் முகத்தில் ரத்தம் ஏறுவதை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன். பின்கதவுக்கு வெளியே தலையை நீட்டி வாயைத் திறந்து காற்றைக் குடித்தாள். "தலைய உள்ள இழு, மரக்கிளை கொண்டு போயிரும்" என்று மதினி அதட்டினாள்.

கோடையில் ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். பாறைக்கு நடுவில் மட்டும் இடுப்பளவு தேங்கி நிற்கும். ஆம்பளைகள் மேல் மடுவுக்குப் போனார்கள், நாங்கள் கீழே இறங்கினோம். பிள்ளை சுடிதாரோடு விழுந்து எழுந்து, மதினி தலையில் தண்ணீரை வாரி இறைத்து, மதினி அவளைத் துரத்தி, ஒரே ரகளை. கரையேறியதும் மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டாள். பத்து நாளாக இரண்டு தோசைக்கு மேல் இறங்காத பிள்ளை. மாங்காயில் மிளகாய்ப்பொடி தடவித் தின்று நாக்கை வெளியே போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை, இந்தத் தடவை வந்ததிலிருந்து. என் வீட்டில் இல்லாதது இந்த ஆற்றில் என்ன இருக்கிறது?

மற்றவர்கள் பாறை நிழலில் சாய்ந்துவிட்டார்கள். நானும் அவளும் தண்ணீரில் கால் போட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் என் கையை எடுத்துச் சோப்புப் போட ஆரம்பித்தாள். விளையாட்டுக்குத்தான். விரல் விரலாகத் தேய்த்து, அலசி, மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தாள். திரும்பச் சோப்புப் போட்டாள். திரும்ப முகர்ந்தாள். மூன்றாம் தடவை முகர்ந்துவிட்டு, "போகவே மாட்டேங்குது பெரியம்மா" என்று சிரித்தாள்.

"என்ன போகல?"

"ஏலக்கா வாசம்."

"என் கையிலயா?"

"கையில, சேலையில, தலகாணில, தண்ணிக் குடத்துல. ஒனக்குத் தெரியலையா?" சொல்லிவிட்டுத் தண்ணீரைப் பார்த்தாள். 'நீ' என்றதை அவள் கவனிக்கவில்லை. "அந்த ரூம்ல படுத்தா யாரோ மூட்டைய மூஞ்சில வச்சு அமுக்குற மாதிரி இருக்கு. மூச்சே முட்டுது. மொத நாள்லருந்து தலவலி."

நான் என் கையை முகர்ந்து பார்த்தேன். ஆற்றுத் தண்ணீரின் குளிர்ச்சி மட்டும் தெரிந்தது. சோப்பு வாசனைகூட லேசாகத்தான் வந்தது.

"மொத நாளே சொல்ல வேண்டியதுதானத்தா?"

"அத்தை சொன்னாங்க, நான் வர்றேன்னுதான் நீ மூட்டைய வீட்டுக்கு எடுத்துட்டு வந்தன்னு. என்கூட இருக்கணும்னு. அதக் கேட்டதுக்கப்புறம் எப்பிடிச் சொல்றது?"

அவளோடு இருக்க வேண்டும் என்று எதைத் தூக்கிவந்தேனோ அது அவளை வேப்பமரத்தடிக்குத் துரத்தியிருக்கிறது. நான் அதற்கு நடுவில் உட்கார்ந்து, ஜன்னலையும் சாத்திவைத்து, பேச்சு அலுத்துவிட்டதோ என்று கணக்குப் போட்டிருக்கிறேன். மூக்கு செத்துப் போகும் என்று சிரிப்புக்குச் சொன்னேனே, அது எனக்கு எப்போதோ செத்திருக்கிறது. யாரும் என் வீட்டுக்குள் வந்து பத்து நாள் தங்காததால் சொல்ல ஆளில்லை.

திரும்பி வந்ததும் அண்ணனைக் கெஞ்சி, மறுநாள் விடிந்ததும் மூன்று மூட்டையையும் குடோனில் இறக்கினேன். பொறுக்கியது பாதி, பொறுக்காதது பாதி. மேனேஜர் முகம் சுளித்தார். "திருப்பிக் குடுத்தா இத வேற ஆளுக்குக் குடுத்துருவேன்க்கா. அப்புறம் வீட்டுக்கு மூட்டைன்னு வந்து கேக்கக் கூடாது." கேட்க மாட்டேன் என்றேன். "அப்ப எப்ப வேலைக்கு வருவீங்க?" மாசம் முடியட்டும் என்றேன். மூட்டை போனால் செவ்வாய்க்கிழமை டிக்கெட்டும் போய்விடும் என்று நம்பினேன். சொல்லும்போது என் மனசில் முப்பத்தியொன்றாம் தேதி இருந்தது.

வீட்டுக்கு வந்து ஜன்னலையெல்லாம் திறந்தேன். ஒரு ஜன்னல் இறுகிப்போய் அண்ணன் சுத்தியலால் தட்டித் திறந்தார். தரையைக் கழுவினோம், போர்வை தலையணையெல்லாம் வெயிலில் போட்டோம், மஞ்சள் தண்ணீர் தெளித்தோம். பிரச்சினை என்னவென்றால், போய்விட்டதா என்று எனக்குத் தெரியாது. "பாருத்தா, இப்ப?" என்று கேட்டுக்கொண்டே அவள் பின்னால் நடந்தேன். அவள் மூலை மூலையாக நின்று மூச்சை இழுத்தாள். "இங்க இருக்கு." கழுவினேன். "இப்ப கொஞ்சம்." மறுபடி கழுவினேன். மதினி வாசலில் நின்று, "போலீசு நாய்கூட இவ்வளவு மோந்து பாக்காது" என்றாள். பிள்ளை மதினியைப் பார்த்துக் குரைத்துக் காட்டினாள். அன்றைக்கு மதியம் மூன்று பேரும் ஈரத் தரையில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டோம். ஜன்னல் வழியாக இலவம் பஞ்சு ஒன்று மிதந்து வந்து என் தட்டில் விழுந்தது. அதை எடுத்து ஊதினேன். அந்த ஒரு மதியத்துக்காகத்தான் பதினோரு வருஷம் காத்திருந்தேனோ என்னமோ.

சாயங்காலம் அவள் பையை எடுத்து மடித்த துணிகளை அடுக்க ஆரம்பித்தாள். நான் வாசற்படியில் நின்றேன். கேட்கக் கூடாது என்று நினைத்தும் கேட்டுவிட்டேன்.

"இப்பத்தான் மணம் போயிருச்சேத்தா?"

"டிக்கெட் போட்டாச்சு பெரியம்மா. காலேஜுக்கு அப்ளிகேஷன் எல்லாம் இருக்கு. பிரெண்ட்ஸும்..." பாதியில் நிறுத்தினாள். பிறகு, "வாசம் இல்லேன்னாலும் ஒரு மாசம் இருந்திருப்பேனான்னு தெரியல" என்றாள்.

பொய் சொல்லாத பிள்ளை. எங்கள் அம்மா வழி அது. பதினேழு வயசு. இந்தத் தெருவில் அவளுக்கு வேப்பமரமும் மதினியும் நானும்தான். நானே அந்த வயசில் எங்கே ஓரிடத்தில் நின்றேன்? "அது சரித்தா. வெரசா அடுக்கு, ஊறுகா வச்சிருக்கேன்" என்றேன்.

செவ்வாய்க்கிழமை ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஜன்னலையெல்லாம் திறந்துபோட்டபடியே போயிருந்தேன். காற்று உள்ளே வந்து அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. உள்ளறையில் மூட்டை இருந்த இடம் மட்டும் தரையில் சதுரமாக, கழுவியும் வேறு நிறத்தில் தெரிந்தது. பழக்கத்தில் இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன்.

மாசம் முடிகிறவரை காத்திருக்க என்ன இருக்கிறது? மறுநாளே குடோனுக்குப் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், ஒரு மூட்டையைக் காட்டினார்.

மறுநாள் சாயங்காலம் போன் வந்தது. பிள்ளைதான். "பெரியம்மா, பையத் திறந்தா வீடு பூரா ஏலக்கா. ஒரு துணி விடல. அம்மாகிட்ட துவைக்கப் போட்டா துவைக்க மாட்டேங்குறாங்க. ரெண்டு நாளா அப்பிடியே பீரோல வச்சிருக்காங்க. என்னன்னு கேளுங்க."

போனைத் தங்கச்சி வாங்கினாள். பின்னால் பஸ்சுகள் போகிற சத்தம் கேட்டது.

"மூட்டை வீட்லதான் இருக்காக்கா?" என்றாள்.

"இல்ல. திருப்பிக் குடுத்துட்டேன். வீட்டையும் கழுவிட்டேன். ஒண்ணும் இல்ல இப்ப."

"ஏன் குடுத்த?"

"பிள்ளைக்கு ஆகலைல்ல."

"அவளுக்குத்தான ஆகல" என்றாள் தங்கச்சி. வருகிற பொங்கலுக்கு வர்றேன் என்றும் சொல்லவில்லை, வரலை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டாள், சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

சென்னையில் ஒரு பீரோவுக்குள் என் வீடு மணந்துகொண்டிருக்கிறது, அது எப்படி மணக்கும் என்று எனக்குத் தெரியாது. இதையே நினைத்துக்கொண்டு மறுநாள் காய் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு கை அள்ளி முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மூச்சை இழுத்தேன். தூசுதான் ஏறியது. பக்கத்தில் ராசிங்காபுரத்துக்காரி தும்மினாள். மாசம் ஆகப்போகிறது, அவளுக்கு இன்னும் நிற்கவில்லை.

"ஒனக்கு இன்னும் மணக்குதா?" என்று கேட்டேன்.

"என்னக்கா கேள்வி? மண்டையப் பொளக்குது."

"எப்பிடி மணக்குது? சொல்லு."

"எப்பிடின்னா? ஏலக்கா மாதிரிதான்."

"அது எப்பிடி இருக்கும்னு சொல்லு."

கேலி பண்ணுகிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். காயை நகங்களுக்கு நடுவில் பிடித்தபடியே யோசித்தாள்.

"கல்யாண வீட்டுத் தெருவுல நடந்து போறப்ப வரும்லக்கா, பந்திக்குப் பாயாசம் எறக்கி வச்சிருக்கும்போது. அந்த மணம். உள்ள எலை போட்டு உக்காந்திருக்கிறவுகளுக்கு அவ்வளவாத் தெரியாது. அந்தப் பக்கமாப் போறவளுக்குத்தான் அப்பிடி வந்து அடிக்கும்."

சொல்லிவிட்டு மறுபடியும் தும்மினாள். நான் சுளகைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"இன்னுங் கொஞ்சம் சொல்லு" என்றேன்.